எங்கள் வார்டுக்கு ஒரு ரைட்டர் போதும்

எங்கள் பக்கம் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர் கவுன்சிலருக்கு நிற்கப் போகிறார். 2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுத்த வேலூர் மாநகராட்சி மன்றத்துக்கு 2027 தொடக்கத்தில்தான் ஐந்தாண்டு முடிகிறது. ஃபிளெக்ஸ் மட்டும் முன்கூட்டியே வந்துவிட்டது. காக்கிச் சட்டை, கூலிங் கிளாஸ், பின்னால் கோட்டை மதில், கீழே 'ரவுடிகளின் சிம்ம சொப்பனம்'. பெயரும் கட்சியும் இங்கே வேண்டாம்.

அந்த ஃபிளெக்ஸைப் பார்த்து எனக்கு ஓட்டுப் போடத் தோன்றவில்லை. ரவுடியைப் பிடிப்பது கவுன்சிலர் வேலையா? குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய ரோட்டை எப்போது மூடுவார்கள், எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, இதுதான் வேலை. அதையும் அதட்டி வாங்க முடியாது. பொறியாளரிடம் நயமாகப் பேச வேண்டும், 60 கவுன்சிலர்களில் ஒருவராக மன்றத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டும். காலமெல்லாம் "என்னய்யா?" என்றே ஆரம்பித்துப் பழகிய வாய்க்கு இது லேசுப்பட்ட காரியமில்லை.

காக்கியை மட்டும் பார்த்து ஜனங்கள் ஓட்டுப் போட்டுவிடுவதும் இல்லை. முன்னாள் டி.ஜி.பி. நடராஜை 2016இல் ஜெயிக்க வைத்த அதே மயிலாப்பூர் 2021இல் தோற்கடித்தது. ஐ.பி.எஸ்.ஸை விட்டு வந்த அண்ணாமலை 2021இல் அரவக்குறிச்சியிலும் 2024இல் கோவையிலும் தோற்றார்.

சரி, எங்கள் ஆளிடம் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு, அது ஃபிளெக்ஸில் இல்லை. ஏட்டாக இருந்தபோது அவர் ஸ்டேஷன் ரைட்டர், வருகிற புகார்களை எழுதி வாங்குகிறவர். வண்டி காணாமல் போன புகாரோடு நான் போய் நின்றபோது, எனக்கு முன்னால் பூ விற்கும் ஆயா ஒருவர் உட்கார்ந்திருந்தார். செல்போன் போய்விட்டது.

"தொலைஞ்சிச்சா, எடுத்துட்டாங்களா ஆயா?"

"எப்படிப் போனாலும் போச்சு, எழுது நைனா."

"அப்படி எழுத முடியாது ஆயா, நடந்ததைச் சொல்லு" என்று பொறுமையாகக் கேட்டு, பஸ்ஸில் ஒருத்தன் இடித்துவிட்டு இறங்கியதுவரை எழுதினார். வாசித்துக் காட்டினார். "நாலு மணி இல்ல, விளக்கு வச்சப்புறம்" என்று ஆயா திருத்தியதும் அடித்துவிட்டு மாற்றினார். கைரேகை வாங்கி, புகாரைப் பெற்றதற்கு ரசீதான சி.எஸ்.ஆர். சீட்டைக் கையில் கொடுத்தார். திருட்டை 'தொலைந்தது' என்று எழுதிவிட்டால் வழக்கு இல்லை, வேலை மிச்சம். அதை அவர் செய்யவில்லை. சொன்னதை எழுதி வாசித்துக் காட்ட வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவிலும் இருந்தது, 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தின் 173ஆம் பிரிவிலும் இருக்கிறது. ஸ்டேஷன் படி ஏறியவர்களுக்கு மற்றது தெரியும்.

வார்டுக்கு வேண்டியது இந்த ஆள்தான். ஜனங்கள் சொல்வதை ஒழுங்காக மனுவாக எழுதி, ரசீது வாங்கி, அந்த நம்பரை வைத்துக்கொண்டு மாநகராட்சி ஆபீஸை விடாமல் துரத்துகிறவர். அவரோ இந்தக் கதையை எங்கேயும் சொல்வதில்லை.

அப்புறம், சர்வீஸ் விவரம். வேட்புமனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரத்தில் வழக்கும் சொத்தும் வந்துவிடும். துறையில் 3(பி) சார்ஜ், அதாவது பெரிய தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு, வாங்கினாரா, எதற்காக என்பதை அவராகச் சொன்னால்தான் உண்டு. சார்ஜ் இருந்தாலே கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன், மேலதிகாரியை முறைத்தாலும் வரும். ஆனால் 'அப்பழுக்கற்ற காவல் பணி' என்று நோட்டீஸ் அடித்தால், கேட்கத்தான் செய்வோம்.

எனக்கு முக்கியமான கேள்வி வேறு. 2019 ஏப்ரலில் பணம் பிடிபட்டதால் மக்களவைத் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்ட் 5இல் தனியாக ஓட்டுப் போட்ட தொகுதி நம்முடையது. தேர்தல் நேரத்தில் வண்டிகளை நிறுத்திச் சோதித்த அனுபவம் இவருக்கு உண்டு. ஓட்டுக்குப் பணம் வைத்த கவர் எந்த வழியாக, எத்தனை மணிக்கு, யார் கையால் வரும் என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். இவர் கட்சிக்காரர்களே கவரோடு தெருவுக்குள் வந்தால் என்ன செய்வார்? டீக்கடையில் பார்த்தபோது நேராகவே கேட்டேன்.

"தேர்தல் வரட்டும் தம்பி" என்று சிரித்தார். அது பதில் இல்லை. ஓட்டுக் கேட்டு வீட்டுக்கு வரும்போது மறுபடியும் கேட்பேன்.