அசதி என்ற ஒரே சொல்

என் அம்மாவுக்கு இருப்பது மையஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய் என்று தெரிவதற்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த மூன்று ஆண்டுகளிலும் எல்லா மருத்துவரிடமும் அவர் சொன்னது, "ரொம்ப அசதியா இருக்கு டாக்டர்" என்பதுதான். இவ்வளவு காலம் வீணானதில் அந்தச் சொல்லுக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. தூக்கம் கெட்டவருக்கும் அசதி, இரத்தச்சோகை உள்ளவருக்கும் அசதி, மனம் நொந்தவருக்கும் அசதி; தூக்கிய கை தானாகக் கீழே இறங்கினாலும் எங்கள் பக்கத்தில் அதே அசதிதான்.

அம்மா பூக்கட்டுபவர். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து அப்பா வாங்கி வரும் உதிரி மல்லிகையைக் கட்ட மதியம் உட்காருவார். முதல் நான்கு முழம் நெருக்கமாக வரும். ஆறாவது முழத்தில் நார் இறுகாமல் மொட்டுகள் உருவி மடியில் விழும். கையைச் சற்று நேரம் ஓய வைத்துவிட்டுக் கட்டினால் முடிச்சு மறுபடி இறுகும். இரவில் இரண்டாவது இட்லிக்குள் தாடை ஓய்ந்துவிட, அதை இடது கையால் தாங்கிக்கொண்டே மெல்லுவார். அப்போது இடது இமை பாதிக் கண்ணை மூடியிருக்கும். விடிந்தால் எல்லாம் சரியாகிவிடும். நாங்களோ டோக்கன் போட்டு, நன்றாகத் தூங்கி எழுந்த அம்மாவைக் காலை பத்து மணிக்கு மருத்துவரிடம் காட்டிக்கொண்டிருந்தோம்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள், பி12 ஊசி போட்டார்கள். தைராய்டு, சர்க்கரை, தசையிலுள்ள நொதியை அளக்கும் சிபிகே, தலைக்கு எம்ஆர்ஐ என்று ஜவுளிக்கடை மஞ்சள் பை நிறைந்தது, எல்லாமே நார்மல். கடைசியில் ஒருவர், "மனசுல என்னம்மா குறை?" என்று கேட்டுத் தூக்க மாத்திரை எழுதினார். இந்த நோயில் சில தூக்க மாத்திரைகள் மூச்சுத் தசைகளை மேலும் தளர்த்திவிடக்கூடும் என்பதைப் பின்னால் அறிந்தபோது எனக்குக் கை நடுங்கியது.

தசை நார்கள் சிதைந்தால்தான் இரத்தத்தில் சிபிகே கூடும். அம்மாவின் தசை சிதையவில்லை. நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலினைத் தசையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை உடலின் எதிர்ப்புப் புரதங்களே தாக்கியிருந்தன. அதனால்தான் தசை இயங்க இயங்கத் தளர்ந்தது, ஓய்வு கொடுத்தால் தேறியது. தலையை எத்தனை முறை படமெடுத்தாலும் இது தெரியப் போவதில்லை. கூட்டம் நிரம்பிய மருத்துவமனையில், அரிதாக வரும் நோயை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கவில்லை என்று நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரிப்போர்ட் நார்மல் என்றதும் நோயாளியின் பேச்சைச் சந்தேகிப்பதை என்னால் ஏற்க முடியாது. தேடியது இல்லை என்பதைத் தவிர அந்தத் தாள் வேறெதையும் சொல்லவில்லை.

அக்கா மகள் ஒருநாள் இரவு எட்டு மணிக்கு அம்மா சாப்பிடுவதைப் போனில் படம் பிடித்தாள். நரம்பியல் மருத்துவர் ஒருவர் அதை இருமுறை பார்த்தார். பிறகு அம்மாவை விட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். ஒரு நிமிடம் ஆவதற்குள் இடது இமை இறங்கியது. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி அதன்மேல் இரண்டு நிமிடம் வைத்து எடுத்ததும் இமை மேலே ஏறியது. தெருவுக்குத் தெரு ஜிகர்தண்டா விற்கும் ஊரில், இந்தப் பனிக்கட்டிக்கு நாங்கள் மூன்று ஆண்டுகள் காத்திருந்தோம்.

அதன்பின் நரம்பை அடுத்தடுத்துத் தூண்டிப் பார்க்கும் சோதனையும், எதிர்ப்புப் புரதத்துக்கான இரத்தச் சோதனையும், தைமஸ் சுரப்பியில் கட்டி உள்ளதா என்று பார்க்க நெஞ்சுக்கு சிடி ஸ்கேனும் எடுத்தார்கள். அந்த இரத்தச் சோதனையையும் முழுமையாக நம்பிவிடக் கூடாது. நோய் உடல் முழுதும் பரவியவர்களில் சுமார் 85 சதவீதத்தினருக்கே அது பாசிட்டிவாக வரும். கண்ணோடு நின்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நெகட்டிவ்தான். அம்மாவுக்குப் பாசிட்டிவ் என்று வந்தது. 1934-இல் லண்டனில் மேரி வாக்கர் என்ற மருத்துவர் இதே நோய்க்கு ஃபைசோஸ்டிக்மின் கொடுத்துப் பலன் கண்டார். அம்மா இன்று விழுங்கும் பிரிடோஸ்டிக்மின் அந்த வகை மருந்துதான்.

ஜென்டமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற, இந்த நோயை மோசமாக்கக்கூடிய மருந்துகளின் பெயர்களை எழுதிய தாள் ஒன்று இப்போது அம்மாவின் சுருக்குப் பையில் இருக்கிறது. போன மாதம் மருத்துவரிடம், "மூணு மணி மாத்திரைக்கு முன்னாடியே, அஞ்சாவது முழத்துல கை விட்டுருச்சு டாக்டர்" என்றார். அவர் மறுகேள்வி கேட்காமல் மாத்திரை நேரத்தை இரண்டரை மணிக்கு மாற்றி எழுதினார்.