சின்ன வேலையை முதலில் எடுத்தால் எல்லாம் சீக்கிரம் முடியுமா?

‘குறைந்த நேரம் பிடிக்கும் ஆர்டரை முதலில் எடுங்கள், மொத்த வேலையும் சீக்கிரம் முடியும், இது கணிதத்தில் நிரூபிக்கப்பட்டது’ என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இதில் பாதிதான் உண்மை, மீதியை நம்பி ஷிப்ட் போட்டால் நஷ்டம்தான்.

1956-இல் ஸ்மித் என்பவர் காட்டியது இதுதான்: ஒரே மெஷினில் சின்ன வேலையிலிருந்து தொடங்கினால் ஆர்டர்கள் முடியும் சராசரி நேரம் குறையும். கடைசி வேலை முடியும் நேரம் குறையாது. 3 மணி, 5 மணி வேலைகளை எப்படி அடுக்கினாலும் 8 மணிதான் (செட்டிங் மாற்றும் நேரத்தை இங்கே விட்டுவிடுகிறேன்).

சரி, இரண்டு மெஷின் இருந்தால்? முதலில் வெட்டணும், அப்புறம் பெயின்ட் அடிக்கணும். ‘அ’ என்ற ஆர்டருக்கு வெட்ட 4 மணி, பெயின்டுக்கு 1, ‘ஆ’வுக்கு வெட்ட 1, பெயின்டுக்கு 6. மொத்தமாகப் பார்த்தால் ‘அ’தான் சின்னது, ஆனால் அதை முதலில் எடுத்தால் பெயின்ட் மெஷின் 4 மணி நேரம் சும்மா நிற்கும், எல்லாம் முடிய 11 மணி ஆகும். ‘ஆ’வை முதலில் விட்டால் அது 1 மணியிலேயே பெயின்டுக்குப் போய்விடும், அது அங்கே இருக்கும்போதே ‘அ’வை வெட்டி முடித்துவிடலாம், மொத்தம் 8 மணிதான். இரண்டு மெஷினுக்கு இப்படிச் சிறந்த வரிசையைத் தரும் விதியை 1954-லேயே ஜான்சன் என்பவர் கொடுத்துவிட்டார்.

டெலிவரி தேதி தவறக்கூடாது என்றால் கணக்கே வேறு. ஒரே மெஷினில், தேதி முந்தியதை முதலில் எடுத்தால்தான் அதிகபட்சத் தாமதம் குறையும். மூன்று மெஷின் வரிசையாக வந்துவிட்டால், எப்போதும் சிறந்த வரிசையை வேகமாகத் தரும் எளிய விதி எதையும் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.