புயலுக்கும் புவி சூடாவதற்கும் சம்பந்தமே இல்லையா?

"அந்தக் காலத்திலும் புயல் வந்தது. பருவநிலை மாற்றம் என்பது கட்டுக்கதை" என்று நம் தருமபுரி, கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. முதல் பாதி சரி. இரண்டாவது தவறு.

புயல்களின் எண்ணிக்கை கூடுகிறது என்று விஞ்ஞானிகள் அடித்துச் சொல்லவில்லை. கூடுவது கடுமையும் மழையும்தான். கடல் சூடாக இருந்தால் புயலுக்குத் தீனி அதிகம். காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதெல்லாம் மழையாக இறங்கும். கடந்த 40 ஆண்டுகளில் கடும்புயல்களின் பங்கு உலக அளவில் கூடியிருக்க வாய்ப்பு அதிகம் என்று ஐ.நா. பருவநிலைக் குழு 2021-இல் சொன்னது.

ஃபெஞ்சல் புயலை மறந்துவிட்டோமா? 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்தபோது காற்று மணிக்கு 90 கிலோமீட்டர் வரைதான். ஆனால் மெதுவாக நகர்ந்து, வலுவிழந்த பிறகும் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33. ஊத்தங்கரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் பொம்மை மாதிரி உருண்டு போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். கடலே இல்லாத ஊர் அது.

ஒரு தனிப்புயலை வெப்பமயமாதல்தான் உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. ஆனால் புயலில் பெய்யும் மழையை வெப்பமயமாதல் கூட்டுகிறது என்று சொல்லலாம். அந்தச் செய்தி வந்தால், தயவுசெய்து இதையும் சேர்த்து அனுப்புங்கள்.