குதிரைத்திறனை விட டார்க் முக்கியம்

மோட்டார்ஹோமுக்கு, அதாவது கட்டில், அடுப்போட வீடு மாதிரி மாத்தின வேனுக்கு, டீசல் இன்ஜின் தேர்ந்தெடுக்கும்போது குதிரைத்திறனைத்தான் முதலில் பார்க்கணும்னு கட்டுரையில் சொல்லியிருக்கீங்க. நான்குவழிச் சாலைக்கு அது சரி. எங்க சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஒருமுறை ஏத்திப் பாருங்க, கணக்கே மாறிடும்; அங்கே டார்க்தான், அதாவது இன்ஜினோட திருப்பு விசைதான், முக்கியம். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு.

வளைவில் இரண்டாவது கியரில் திரும்பும்போது இன்ஜின் சுற்று நிமிஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சமா இறங்கிடும். அப்போ இன்ஜினுக்குள்ள கூடுதல் காற்றைத் தள்ளுற டர்போ இன்னும் பிடிச்சிருக்காது. சின்ன இன்ஜின் திணறுறது அங்கேதான். மிதிச்சா சத்தம்தான் வரும், வண்டி நகராது. பின்னாடி பஸ்காரர் ஹாரன் அடிப்பார், முதல் கியருக்கு மாத்தியே ஆகணும். அதனால எத்தனை சிசின்னு கேட்கறதோட நிறுத்தாம, முழு டார்க் எந்தச் சுற்றில் கிடைக்குதுன்னு கேளுங்க. ஃபோர்ஸ் அர்பேனியா வேனின் 2.6 லிட்டர் இன்ஜின் 115 குதிரைத்திறன்தான், ஆனா 350 நியூட்டன் மீட்டர் டார்க் 1,400 சுற்றிலேயே வந்துடும்.

எடையும் வெற்று வண்டியோட எடை இல்லை. கட்டில், அடுப்பு, பேட்டரி போக, 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ. எல்லாத்தையும் ஏத்தி எடைமேடையில் நிறுத்திப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

இறக்கத்தைப் பத்தி நீங்க ஒரு வரிகூட எழுதலை, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். டீசலில் இன்ஜின் பிரேக்கிங், அதாவது ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜினே வேகத்தை இழுத்துப் பிடிக்கிறது, இயல்பாவே குறைவு. ஏறின கியரிலேயே இறங்கணும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா பாதி மலையிலேயே கருகல் வாடை வந்துடும். இவ்வளவு கனமான வண்டி எடுக்கிறவங்க எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறுற வழியை அடைச்சு இன்ஜின் மூலமா வேகத்தைக் குறைக்கிற அமைப்பு) இருக்கான்னு கேட்டு வாங்குங்க.