பின்னாடி நிக்காதீங்க சாமி!

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு சேலம் மூக்கனேரிக் கரையில் ஒரு மனுஷனை நிம்மதியாகத் தூண்டில் வீச விட மாட்டீர்களா?

சாதாரணத் தூண்டில் என்றால் பரவாயில்லை. புழுவைக் கோர்த்துப் போட்டுவிட்டு ஊர்க்கதை பேசலாம். என்னுடையது ஃப்ளை ராடு, ஒன்பது அடி. நுனியில் இருப்பது கோழி இறகில் கட்டின பூச்சி, அதற்கு எடையே கிடையாது. தடியான லைனின் கனம்தான் அதை ஏரிக்குள் கொண்டுபோகணும். அதற்கு லைன் முதலில் என் முதுகுக்குப் பின்னால் முப்பது அடி பறந்து நீளணும், அப்புறம்தான் முன்னால் வரும். அந்த முப்பது அடிக்குள்தான் ஊரே வந்து நிற்கிறது!

போன வாரம் ஒருத்தர் டீ கிளாஸோடு நேர் பின்னால். "தள்ளி நில்லுங்கண்ணே, கொக்கி பறக்குது" என்றேன். ரெண்டடி தள்ளினார், பின்பக்கமாகவே. அடுத்த வீச்சில் தோள் துண்டு கொக்கியோடு வந்துவிட்டது. நல்லவேளை, கொக்கியின் முள்ளைக் குறடால் நசுக்கி வைத்திருந்தேன், இல்லையென்றால் துண்டும் கிழிந்திருக்கும். "பார்த்து வீசக் கூடாதா?" என்று எனக்குத்தான் திட்டு.

இன்னொருவர், "இது ட்ரவுட் பிடிக்கிறதாச்சே, ஏற்காட்டு ஏரிக்குப் போங்க, அங்க குளிரும்" என்றார். ஐயா, ட்ரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன்; ஏற்காட்டுக் குளிர் நமக்குத்தான் குளிர், அதற்குப் போதாது. ட்ரவுட் வேண்டுமென்றால் நீலகிரி அவலாஞ்சிப் பக்கம் போகணும். வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து விட்டது. அங்கே போய் அசிங்கப்படக் கூடாதே என்றுதான் இங்கே ஜிலேபி மீனிடம் வீசிப் பழகுகிறேன்.

அதுவும் எத்தனை நாளுக்கு? வெயில் தணிந்து, ராத்திரி மழை பெய்து, ஈசல் தண்ணீரில் விழுகிற இந்தக் கொஞ்ச நாள்தான். மேல்நாட்டிலும் கோடை முடிகிற நேரத்தில் இறகை வெட்டுக்கிளி மாதிரி கட்டி ட்ரவுட்டுக்கு வீசுவார்கள். அங்கே யாரும் "புரட்டாசியில மீனா?" என்று கேட்க மாட்டார்கள். பிடித்ததை விட்டுவிடுவேன் என்றால், "அப்ப எதுக்குப் பிடிக்கிறீங்க?" வீட்டிலேயே இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இன்று காலை திட்டு ஓரத்தில் ஒரு பெரிய ஜிலேபி ஈசலை உறிஞ்சி வட்டம் போட்டது. ராடைத் தூக்கித் திரும்பிப் பார்த்தேன். ரெண்டு பையன்கள், என்னையும் சேர்த்து செல்ஃபி எடுத்துக்கொண்டு. லைனைச் சுருட்டிவிட்டேன்.