பின்னுக்கு நிண்டு சீட்டுப் பாக்கிறவை

கிளிநொச்சியில கொஞ்சப் பெடியளுக்கு இப்ப போக்கர் எண்ட, காசு கட்டி விளையாடுற சீட்டாட்டத்தைப் பாக்கிற பழக்கம் பிடிச்சிருக்கு. சலூனில முறைக்குக் காத்திருக்கேக்கயும் போனில அதுதான் ஓடுது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமா நாலைஞ்சு பேர் மேசையைச் சுத்தி அசையாமல் இருக்கிறாங்கள். "உவன் ஏன் அண்ணை உவ்வளவு யோசிக்கிறான்? மற்றவனிட்ட ஒண்டுமில்லையே!" எண்டு பக்கத்தில இருந்த தம்பி கேட்டான். திரையில சீட்டைப் போட்டுக் காட்டுறதால அவனுக்குத் தெரியுது. மேசையில இருக்கிறவனுக்குத் தெரியாது. முழு வியாபாரமும் இதுக்குள்ளதான் கிடக்கு.

முந்தி போக்கரைத் தொலைக்காட்சியில ஆர் இருந்து பாத்தது? கவிட்ட சீட்டையும் மூஞ்சியையும் எவ்வளவு நேரம் பாக்கிறது? அதை மாத்தினது சீட்டுக்குள்ள எட்டிப் பாக்கிற கமெரா. 1995இல அமெரிக்காவில அதுக்குக் காப்புரிமை எடுத்தவர் ஹென்றி ஓரன்ஸ்ரைன். போலந்தில பிறந்து, ஹிட்லரின்ர நாசி முகாம்களில இருந்து உயிர் தப்பி, பிறகு விளையாட்டுச் சாமான் செய்து முன்னுக்கு வந்த மனுசன். (பெடியள் பாக்கவேண்டியது அவற்ற கதையை. அது வேற பதிவு.) 1999இல பிரித்தானியாவின்ர சனல் 4 மேசையில கண்ணாடி பதிச்சுக் கீழ இருந்து சீட்டைக் காட்டிச்சு. அதுக்குப் பிறகு பாக்கிற எல்லாரும் கெட்டிக்காரர்.

எங்கட முன்னூற்றி நாலு சீட்டாட்டம் விளையாடின ஆக்களுக்கு இந்தக் கெட்டிக்காரரைத் தெரியும். துரும்பைக் கவிட்டு வைச்சு ஆட்டம் போகேக்க பின்னுக்கு ஒருத்தர் நிப்பார், ரெண்டு பேரின்ர கையையும் பாத்துக்கொண்டு. முடிஞ்சதும் "நீ அந்த ஒன்பதை இறக்கியிருக்கக் கூடாது" எண்டு வகுப்பெடுப்பார். அவரைப் பிடிச்சு இருத்திப் பாருங்கோ, முப்பது புள்ளி ஜாக்கைக் கையில வைச்சுக்கொண்டு முழிப்பார்.

2003 லாஸ் வேகாஸ் உலகப் போக்கர் தொடரைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. நுழைவுக் காசு 10,000 டொலர். டென்னசிக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் இணையத்தில 86 டொலர் தகுதிச் சுற்றில வெண்டு அங்க போய், 25 லட்சம் டொலரோட வந்தார். கடைசியா எதிரில மிஞ்சின சாம் ஃபார்ஹாவிட்ட ஒன்பதில ஒரு சோடி இருக்கு, இவரிட்ட ஒரு சோடியும் இல்லை. பெரிய சீட்டு இருக்கிற மாதிரி, இருந்த பந்தயக் காயெல்லாத்தையும் நடுவுக்குத் தள்ளிவிட்டார். ஃபார்ஹா அந்த ஆட்டத்தை விட்டுக்குடுத்து சீட்டை மடிச்சுப் போட்டார். எத்தினை தரம் பாத்தாலும் நெஞ்சு இடிக்கிற இடம், அதை நானும் ஒத்துக்கொள்ளுறன். அந்த முறை விளையாடினது 839 பேர். 2006இல 8,773 பேர். எல்லாரும் தன்னை மணிமேக்கர் எண்டுதான் நினைச்சிருப்பான்.

வீரர்களின்ர பேருக்குப் பக்கத்தில போடுற "வெண்ட தொகை"தான் எனக்கு எரிச்சல். அது பரிசுக் காசு மட்டும். கட்டின நுழைவுக் காசை அதில கழிக்கிறதில்லை. இருபது லட்சம் எண்டு போட்டவன் இருபத்தஞ்சு லட்சம் கட்டியிருக்கவும் கூடும். அதோட, தொழிலா விளையாடுற கனபேர் முழுக்கத் தங்கட காசில இருக்கிறதில்லை. தங்கட ஆட்டத்தை வேற ஆக்களுக்குப் பங்கு பங்கா வித்துப்போட்டுத்தான் இருப்பினம். தோத்தா நட்டமும் பிரிஞ்சு போகும்.

திறமை இல்லை எண்டு நான் சொல்லேல்லை. இருக்கு. ஆனா அது வெளியில தெரிய ஆயிரக்கணக்கான கை விளையாடவேணும், இடையில மாசக்கணக்காத் தோக்கவேணும், அதைத் தாங்கக் காசு வேணும். எங்கட ஊரில கனக்க வீடுகளில நுண்கடன்காரன் கிழமைக்கு கிழமை படலையில வந்து நிண்டவன். தாய்மார் சங்கிலியை அடகு வைச்சுக் கட்டினவை. லீசிங்கில மோட்டச்சைக்கிள் எடுத்த பெடியனுக்கு ரெண்டு மாசம் தோத்தால் சைக்கிள் போயிடும். இந்தப் பெடியளின்ர போனுக்குத்தான் "முதல் வைப்புக்கு போனஸ்" எண்டு இணையப் போக்கர்க்காரரின்ர லிங்க் வருது.

திரையில ஒவ்வொருத்தனுக்கும் வெல்லுற வாய்ப்பு எத்தினை வீதம் எண்டு கணக்குப் போட்டுக் காட்டுறாங்கள்தானே. அப்பிடியே, இந்த வருசம் அவன் கட்டினது எவ்வளவு, அதில சொந்தக் காசு எவ்வளவு எண்டும் பேருக்குக் கீழ போடட்டும் பாப்பம்.