பேலேகின் நாட்களில் பூமி பிளக்கவில்லை

அந்த வீடியோவை இன்றைக்கும் ஏழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் வம்ச அட்டவணையில் பேலேகு என்கிறவனைப் பற்றி வருகிற 10:25ஐ வாசித்துவிட்டு, பின்னால் திரையில் ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் விலகிப் போகிற படத்தை ஓட்டி, "பேலேகின் நாட்களில்தான் கண்டங்கள் பிரிந்தன, விஞ்ஞானம் இன்றைக்குத்தான் கண்டுபிடித்தது" என்று முடிக்கிற செய்தி. அதன் கீழே மரியாதையாகத்தான் நான்கு வரி எழுதினேன். ஒரு மணி நேரத்தில் கமெண்டைக் காணோம். பதிலுக்கு "அகராதியை வைத்துக்கொண்டு வேதத்தைக் குறைக்கிறவர்" என்று ஒரு பட்டம் வந்தது.

சரி, அதே வேதத்தை வைத்தே பேசுவோம்.

"ஒருவனுக்குப் பேலேகு என்று பேர், ஏனெனில் அவனுடைய நாட்களில் பூமி பகுக்கப்பட்டது." பகுக்கப்பட்டது. பிளந்தது என்று இல்லை. நம் மொழிபெயர்ப்பாளர்கள் சொல் கிடைக்காமல் இதைப் போட்டுவிடவில்லை. மூன்று அதிகாரம் முன்னால் போங்கள், 7:11இல் "மகா ஆழத்தின் ஊற்றுக்கண்களெல்லாம் பிளந்தன" என்று இருக்கும். அங்கே எபிரேயத்தில் இருப்பது 'பாகா' என்கிற வேறு வினை. எண்ணாகமம் 16இல் மோசேக்கு எதிராக எழும்பிய கோராகின் கூட்டத்தார் காலடியில் நிலம் பிளந்தபோதும் அதே வினைதான். தரை வெடிப்பதைச் சொல்ல வேதத்துக்குத் தனிச் சொல் இருக்கிறது. பேலேகு பிறந்த வசனத்தில் அந்தச் சொல் இல்லை. அங்கே இருப்பது 'பாலக்', பங்கு பிரிப்பது. எபிரேய வேதாகமம் முழுவதிலும் இந்த வினை நான்கே இடத்தில்தான் வருகிறது. இந்த வசனம், அதையே திரும்பச் சொல்கிற 1 நாளாகமம் 1:19, வெள்ளத்துக்கு வாய்க்கால் வகுத்தவர் யார் என்று கேட்கிற யோபு 38:25, பிறகு சங்கீதம் 55:9. அந்த சங்கீதத்தில் பகுக்கச் சொல்லி தாவீது கேட்பது எதை? "அவர்கள் பாஷையைப் பிரிந்துபோகப்பண்ணும்." பாஷையை! ஆதியாகமத்தின் அடுத்த அதிகாரத்திலேயே, பாஷைகள் தாறுமாறாக்கப்பட்ட பாபேல் நிற்கும்போது இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"பூமி என்று தெளிவாகப் போட்டிருக்கிறதே பிரதர்" என்கிறார்கள். போட்டிருக்கிறது. 11:1இலும் அதே எபிரேயச் சொல் 'ஏரெட்ஸ்'தான்: "பூமியெங்கும் ஒரே பாஷையும், ஒரேவிதமான பேச்சும் இருந்தது." மண்ணா பேசியது? மனிதர்கள் பேசினார்கள். பூமி பகுக்கப்பட்டது என்றால் மனிதர்கள் பகுக்கப்பட்டார்கள். பத்தாம் அதிகாரமே ஜாதிகள், அதாவது தேசத்தார், பிரிந்த அதிகாரம்.

அப்புறம் "தேவனால் கூடாதது உண்டா?" என்று ஒரு கேள்வி. தேவனால் எல்லாம் கூடும். அவரால் முடியுமா என்று நான் கேட்கவே இல்லை, இந்த வசனம் என்ன சொல்கிறது என்றுதான் கேட்டேன். பேலேகு வாழ்ந்தது 239 வருஷம். பிரேசிலுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே மிகக் குறுகிய இடத்திலேயே கடல் 2,800 கிலோமீட்டருக்கு மேல். அவன் ஆயுசுக்குள் அது திறந்ததென்றால் நிலம் வருஷத்துக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்க வேண்டும். இன்றைக்கு அது நகர்வது வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான். காலடியில் நிலம் அப்படி ஓடிக்கொண்டிருந்தபோது பாபேல் இருந்த சிநெயார் சமவெளியில் உட்கார்ந்து ஜனங்கள் செங்கல் அறுத்துச் சுட்டு கோபுரம் கட்டினார்கள் என்றா சொல்கிறீர்கள்?

யூத உரையாசிரியர் ராஷி தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்பே இந்தப் பெயருக்காக மெனக்கெட்டிருக்கிறார். பாபேலின் சிதறடிப்பு நடந்தது பேலேகின் கடைசி நாட்களில், அப்படியானால் பிறந்தபோதே இந்தப் பெயரை வைத்த அவன் தகப்பன் ஏபேர் தீர்க்கதரிசியாக இருந்திருக்க வேண்டும் என்று எழுதினார். ஒரு தகப்பன் வரப்போகிற பிரிவினையைப் பிள்ளையின் பெயரில் சுமக்க வைத்தான்! இதைவிடக் கனமான செய்தி அந்த வீடியோவில் இருந்ததா?

பேலேகு என்கிற பெயரின் எபிரேய எழுத்துகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. 'பெலெக்' என்றால் வாய்க்கால். அக்காடிய மொழியிலும் 'பல்கு' என்றால் அதுதான். முதலாம் சங்கீதத்தில் "நீர்க்கால்களின் ஓரமாய் நடப்பட்டு" என்று நாம் மனப்பாடமாகச் சொல்கிறோமே, அந்த நீர்க்கால்கள் இந்தச் சொல்லின் பன்மை. தாமிரபரணியிலிருந்து பிரிகிற மருதூர் மேலக்கால் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். 'கால்' என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆற்றில் ஒன்றாக வருகிற தண்ணீர் பகுக்கப்பட்டால்தான் வயலுக்கு வரும். வீட்டு ஜெபத்தில் வம்ச அட்டவணை வந்தால் அப்பா ஒரு பெயரையும் தாண்ட விடமாட்டார், ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்வார். அவருக்கு எபிரேயம் தெரியாது. பேலேகு வந்ததும் மட்டும் நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்.

நான் பிறந்த வருஷம்தான் தாத்தாவின் நிலம் பாகம் ஆனது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் ஒரு வரப்பு விழுந்தது, பிறகு இருபது வருஷம் பேச்சு இல்லை. ஆச்சி சாகிறவரைக்கும் என்னை "பாகத்தில் பிறந்த பிள்ளை" என்றுதான் சொன்னாள். அதனால் பேலேகு எனக்கு வெறும் பெயர் இல்லை. அவனுக்கும் யொக்தான் என்று ஒரு சகோதரன். யொக்தானின் பதின்மூன்று பிள்ளைகளையும் பெயர் சொல்லி எழுதிவிட்டு அந்தக் கிளையை வேதம் அங்கேயே விடுகிறது. பேலேகின் கிளை ஆபிரகாமுக்குப் போகிறது, லூக்கா 3:35 வழியாக இயேசுவுக்கும் போகிறது. இரண்டு சகோதரர்கள் அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்களா என்று ஒரு வரிகூட இல்லை. இந்த இடத்தில் கண்டங்களின் படத்தை ஓட்டினால் எனக்குக் கோபம் வராதா?

"இந்தச் சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். என் கமெண்டை அழித்தது முன்பின் தெரியாத யாரோ இல்லை. அந்த வீடியோவைப் பகிர்ந்ததும், கமெண்டை நீக்கியதும், அன்று ராத்திரியே குடும்ப வாட்ஸப் குரூப்பிலிருந்து என்னை எடுத்ததும் சித்தப்பாவின் மகன். தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். 7:11ஐயும் 10:25ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தடவை வாசி. நான் சொன்னது தப்பு என்று அப்புறமும் பட்டால் போன் பண்ணு, எடுக்கிறேன்.